எல்லை தாண்டிய முளை

வனாந்தரத்துக் கூடாரப் பாளயத்தின் கொடிகளின்மேல் மாலை வெயில் சிவந்து கிடக்கிறது. சிமியோன் கோத்திரத்து நெமுவேல், தன் கூடாரத்துக்கும் காத் கோத்திரத்து அரேலியின் கூடாரத்துக்கும் நடுவே குறுகிப்போன மணலைச் சந்தேகத்தோடு பார்க்கிறான். "நம்ம எல்லைக்குள்ள கூடார முளை அடிச்சிருக்கான் பாரு, மில்காள். மூப்பருக்குச் சொல்லியனுப்பிட்டேன். தள்ளி அடிச்சவன் கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டு வரிசைக் கடைசிக்குப் போகட்டும்." மனைவி காலையில் தரையிலிருந்து பொறுக்கிய மன்னா மணிகளை உரலில் இடிக்கிறாள். அளவுக்கயிற்றோடு வரும் மூப்பரின் கைத்தடி ஓசை நெருங்குகிறது. உலக்கை நிற்கிறது. "அவங்க முளை இருக்கவேண்டிய இடத்துலதாங்க இருக்கு. அரேலிக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி நிறைமாசமா இருக்கா. ராத்திரி கூப்பிட்டா கேக்கணும்னு நம்ம முளையை நான்தான் அவங்க பக்கமா தள்ளி அடிச்சேன்." மூப்பர் வந்து சேருமுன் நெமுவேல் தன் போர்வையை அந்த முளையின்மேல் விரித்து, அதை ஒட்டிச் சாவகாசமாக அமர்ந்துகொள்கிறான்.