தெற்குப் பார்த்த கல்

முதல் இரண்டு கற்களையும் யோஹெய் வேண்டுமென்றே தப்பாகத் தேர்ந்தெடுத்துப் புரட்டினான். எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்தால் யாருக்கும் சந்தேகம் வரும் அல்லவா?

"இங்கேயும் இல்லீங்க," என்று உதட்டைப் பிதுக்கினான். நாகிசா தலையை ஆட்டிவிட்டு, அவன் புரட்டிய கல்லை அது கிடந்த பள்ளத்திலேயே பழையபடி பொருத்தி வைத்தாள்.

ஜப்பானின் எஹிமே மலைச்சரிவில் இருந்த கமலா ஆரஞ்சுத் தோட்டத்தில் ஜனவரி வெயில் சோம்பலாகக் கிடந்தது. கல்யாணம் பேச வருகிறவனை மண்டியிட வைப்பது நாகிசாவின் வழக்கம். குளிருக்குக் கல்லடியில் தூங்கும் அரணை ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்பது அவள் நிபந்தனை. இதற்கு முன் வந்த மூன்று பேரும் முழங்காலில் மண்ணோடு திரும்பிப் போனார்கள். கீழே கொட்டகையில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவள் அப்பா, நாலாவதும் போச்சா என்கிற முகத்தோடு அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார்.

யோஹெய்க்கு அரணையைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் தரகரம்மா வீட்டில் முதல் தடவை பார்த்தபோதே நாகிசாவை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று அவள் டீயை ஆறவிட்டு, அரணை எந்த மாதிரிக் கல்லைத் தேடிப் போகும் என்று அரைமணி நேரம் பேசினாள். தெற்குப் பார்த்திருக்க வேண்டும், தட்டையாக இருக்க வேண்டும், அடிமண்ணில் ஈரம் கூடாது. மற்றவர்கள் கொட்டாவி விட்ட அந்தப் பேச்சை இவன் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.

கேட்டு என்ன பயன்? பதினொரு நாள் ஊர்க் கல்லையெல்லாம் புரட்டியும் பூரான்தான் கிடைத்தது. கடைசியில், உடன் வேலை பார்ப்பவர் தன் தோட்டத்தில் தோண்டியபோது அகப்பட்ட பழுப்பு அரணை ஒன்றைக் கெஞ்சி வாங்கினான். அவள் சொன்ன லட்சணமெல்லாம் உள்ள கல் இந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். இன்று விடிகாலையில் திருட்டுத்தனமாக வந்து, கல்லை அசைக்காமல் பக்கத்து இடுக்கு வழியாக அதை உள்ளே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"உங்க கையுறையெல்லாம் செம்மண்ணா இருக்கே," என்றான், பேச்சு வளர்க்க.

"நேத்து முள்ளங்கி புடுங்கினேன்," என்று அவள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "அந்தத் தட்டைக் கல்லையும் பாத்துடுங்களேன்."

கரும்பு தின்னக் கூலியா என்று யோஹெய் அந்தக் கல்லைத் தூக்கினான். பொடிமண்ணில் பழுப்பு அரணை சுருண்டு தூங்கியது. அதன் முதுகில் தலை வைத்தபடி, பளபளவென்ற நீல வாலோடு இன்னொன்றும் தூங்கியது.

அவன் வாய் முந்திக்கொண்டது. "ரெண்டா? நான் ஒண்ணுதானே வெச்சேன்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆசைப்பட்ட பெண் கைநழுவிப் போய்விட்டாள். இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, இப்படியே மலையிறங்கிப் போய்விடுவதாக முனகினான்.

தூக்கம் கலையாமல் நாகிசா இரண்டையும் மண்ணால் மூடினாள். கல்லைப் பதமாக அதன் இடத்தில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் காதுகள் சிவந்திருந்தன.

"நீலவால் நான் வெச்சது."