வெடியுப்பு மேட்டுக் கீரை

காலை வெயில் ஏரியின் மேல் சாய்வாக விழுகிறது. தொலைவில் கோட்டையின் மேல் ஒல்லாந்தர் கொடி காற்றில் அடித்துக்கொள்கிறது. கரையில், வெடிமருந்துக்கு வெடியுப்பு காய்ச்சி எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் குத்தகைக்காரன் கொட்டிவைத்த மேடு. அதன் அடியில் கசியும் நீரில் பருப்புக்கீரை கரும்பச்சையாய், விரல் மொத்தத் தண்டோடு தழைத்துக் கிடக்கிறது. ஐந்து மாதச் சூலியான பவுனம்மாள் குந்தி உட்கார்ந்து பறிக்கிறாள். மடி நிறைந்துவிட்டது. மேடு வருவதற்கு முன் இதே இடத்தில் அம்மா பறித்து, இறால் போட்டுக் கடைந்த கீரை. அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. படகைக் கட்டிவிட்டு அவள் புருஷன் சகாதேவன் ஓடி வருகிறான். "இன்னா புள்ள பண்ற? நேத்து நம்ம ஆடு இதத் தின்னுதான உயிர வுட்டுச்சு? அறுத்துப் பாத்தா ரத்தம் கருப்பட்டிப் பாகாட்டம் இருந்துச்சே!" "ஆடு பச்சையாத் தின்னுச்சு. நான் இன்னா ஆடா? வேகவெச்சுத்தான்யா தின்னப்போறேன்." "கீரையில ஏறியிருக்குற அந்த வெடியுப்பக் குத்தகைக்காரனே காய்ச்சித்தாண்டி எடுக்குறான். காய்ச்சினா பூடுமா?"

அவள் ஒரு கொத்தை மூக்கருகே கொண்டுபோகிறாள். அதே வாசனை. இன்னொரு கை வயிற்றைத் தடவுகிறது. பிறகு மடியை அவிழ்க்கிறாள். கீரை மண்ணில் சரிகிறது. எழுந்தவள் மறுபடி குந்தி, முற்றிய நுனிகளைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி ஊதுகிறாள். பொடிமணல் போலக் கருப்பு விதைகள் தங்குகின்றன. "அது இன்னாத்துக்கு?" "ஏரிக்கு அக்கரையில, பசியாவரத்துல எங்கண்ணன் வூட்டாண்ட மண்ணு நல்லாருக்குது. அங்க தூவப்போறேன். கொழந்த பொறக்கறதுக்குள்ள மொளச்சிடும்." விதையை முந்தானை நுனியில் முடிகிறாள். சகாதேவன் போய், கட்டிய படகை அவிழ்க்கிறான்.