வழவழப்பும் சொரசொரப்பும்

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் கிடத்தியிருந்த கல்லின் மேல் ஏறி நின்றாள்.

கல் கடைக்காரர் பக்கத்துக் கல்லின் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார். நனைந்தால்தான் நிறம் எடுத்துக் காட்டும் என்றார். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாதத்தை மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள்.

"என்னம்மா இது, கலரையே பாக்காம கல்லு எடுக்கிற முதல் ஆள் நீங்கதான்."

கணவர் நிழலில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியையும் சத்தத்தை வைத்தே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒரு தரைக்கு இத்தனை கடை ஏறி இறங்குவது அவருக்குப் பிடிபடவில்லை.

மகள் ஃபோனில் வெள்ளை மார்பிள் போடச் சொல்லியிருந்தாள். வீடு பெரிதாகத் தெரியுமாம்.

அம்மா எடுத்ததோ வேறு. ஹாலுக்குக் கண்ணாடி மாதிரி வழவழப்பான கிரானைட். சமையலறைக்கு பாலிஷ் போடாத கல். படுக்கையறைக்கு மணல் மணலாக இருக்கும் ஒரு மஞ்சள் கல். போதாததற்கு ஒவ்வொரு வாசற்காலுக்கும் கீழே உளியால் கொத்திய சொரசொரப்பான பட்டை.

"வீட்டுக்குத் தரை போடுறோமா, இல்ல கல் கடை வைக்கிறோமா?" என்றார் கணவர்.

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

பிறகு வீடு வீடாக இல்லை. பொரிந்துபோன பழைய சிமெண்ட் தரையை உடைத்து அள்ளினார்கள். கட்டில், பீரோ, அவளுடைய தையல் மிஷின் எல்லாம் ஒரே அறையில் ஏறிக்கொண்டன. போர்வையை உதறினால் தூசி. சோற்றில் கை வைத்தால் மண். கணவர் தும்மிக்கொண்டே இருந்தார்.

கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம், மட்டம் சேராது என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கலவையை ஏற்றி இறக்கி எப்படியாவது சமாளிக்கச் சொன்னாள். அவர் நூல் கட்டி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினார். நாள் முழுக்க அந்தத் தட்டல் அவள் தலைக்குள் கேட்டது.

கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் மனைவியின் ரசனையைப் பற்றிப் புலம்பினார்.

ஒரு மத்தியானம் எல்லாம் முடிந்தது. மூடியிருந்த சாக்குகளை உருவி எடுத்தார்கள். தரையைக் கழுவி விட்டார்கள். காய்ந்ததும் ஆட்கள் தங்கள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். கணவர் ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

அவள் படுக்கையறைக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கண் டாக்டர் நிதானமாகத்தான் சொல்லியிருந்தார். முதலில் மங்கலான வெளிச்சத்தில் தெரியாமல் போகும். அப்புறம் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். மெதுவாக வரும். ஆனால் போனது திரும்பாது.

தரையை மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த சமயம் அது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய கலக்கமே அவளுக்குப் பெரும் பாரமாக இருந்தது. சொன்னால் கணவருடையதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

நடந்தாள்.

மணல் மணலாக இருந்தது. பட்டை உறுத்தியது. வாசற்கால். வழவழவென்று ஆனது. ஹாலின் ஓரம். மறுபடி பட்டை. உள்ளங்காலைப் பிடித்துக்கொள்ளும் கல். சமையலறை. கை நீட்டாமலே நடக்க முடிந்தது. பின்வாசல் பட்டையையும் தாண்டினாள். அதற்கப்பால் சிறு முற்றம், பிறகு தோட்டத்துக்கு இறங்கும் படிகள்.

முற்றத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் காலில் ஏதோ தட்டுப்பட்டது. வரி வரியாகக் கொத்திய கல், குறுக்கே ஒரு வரிசை.

கண்ணைத் திறந்தாள். அடுத்த எட்டில் படி இருந்தது. கல் எடுக்கும்போது முற்றத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

குழாயடியில் மேஸ்திரி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, இந்த வரிசையை நான் போடச் சொல்லலையே?"

"சார் சொன்னாரும்மா. நீங்க கடைக்குப் போயிருந்தப்போ. படி வர்றது காலுக்குத் தெரியணும்னாரு." மேஸ்திரி நிமிர்ந்து சிரித்தார். "காஞ்சதும் அவரே கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நடந்து பாத்தாரு. அப்படியும் திருப்தியில்ல, இன்னும் ஆழமாக் கொத்தச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

அவள் அந்த வரிசையின் மேல் மறுபடி காலை வைத்துப் பார்த்தாள்.

பிறகு ஹாலுக்கு வந்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த துண்டை மட்டும் எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள். கால் இரண்டும் கடுத்தன.

வெளியே ஆட்கள் வண்டியில் சாமான்களை ஏற்றும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிப் போனது.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"விடியக்காலையில டீ ஊத்தறப்ப, எவ்வளவு வந்திருக்குன்னு டம்ளருக்குள்ள விரலை விட்டுப் பாக்குறியே," என்றார். "சுடலையா உனக்கு?"