அரை நாள் சீனியர்

“அடுத்த ஹெச்.ஓ.டி. பூங்கனி மேடம்தான்” என்று பொருளாதாரத் துறை அறையில் சிவபிரசாத் சொன்னதும், நேசபாய்க்கு வாயில் போட்ட ஏத்தங்காய் சிப்ஸ் கசந்தது.

துறைத் தலைவர் முருகதாஸ் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்கு அடுத்தபடியாக மூத்தவர்கள் பூங்கனியும் நேசபாயும். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வயதில் நேசபாய் எட்டு மாதம் பெரியவள். ஆனால் பூங்கனி சேர்ந்தது முற்பகல், நேசபாய் சேர்ந்தது பிற்பகல். அந்த அரை நாள் வித்தியாசம் போதும், பூங்கனி சீனியர்.

முதல் மட்டிப்பழம் தருகிற ருசி அஞ்சாவது பழத்தில் இருக்காது என்று வருஷா வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை நடத்துகிறவள் நேசபாய். பொறாமைக்கு மட்டும் அந்த விதி செல்லாது போலிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகியும் அது கொஞ்சமும் குறையவில்லை.

டைம்டேபிள் போட்டால் பூங்கனியைக் கேட்ட பிறகுதான் நேசபாயைக் கேட்பார்கள். பதவி உயர்வும் பூங்கனிக்குத்தான் முதலில் வந்தது. முட்டத்து மீன் ஏலத்தைச் சொல்லியே தேவையும் அளிப்பும் நடத்துவாள் பூங்கனி. பக்கத்து வகுப்பில் கரும்பலகை நிறைய வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும் நேசபாயின் காதில் அந்தச் சிரிப்புச் சத்தம் வந்து விழும். அன்றைக்கெல்லாம் வீட்டில் யாரோடும் பேச மாட்டாள்.

இதில் நேசபாயால் மன்னிக்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. எம்.ஏ.வில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். வேலைக்குச் சேர வேண்டிய நாளில் கருங்கல் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து ஒன்றாகப் போவதாகத்தான் பேச்சு. நேசபாயின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி போய்விட்டு அவள் ஓடி வந்தபோது பூங்கனி இல்லை.

“எனக்காக கொஞ்ச நேரம் நிக்க மாட்டாளா? சீனியாரிட்டிக்கு ஓடினவ” என்று துறையில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் நேசபாய் சொல்லிவிட்டாள். பூங்கனி காதுக்கும் அது போயிற்று. அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்புதான் நேசபாய்க்கு இன்னும் எரிச்சல்.

சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இராஜாக்கமங்கலம் போனாள். அவர்கள் சேர்ந்தபோது முதல்வராக இருந்த ரசலையன் சார் அங்கேதான் இருக்கிறார். வாழையில் காய்ந்த சருகை அறுத்துக்கொண்டிருந்தவர், “வா மக்களே” என்று நாற்காலியைக் காட்டினார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை நேசபாய் ஒரே மூச்சில் சொன்னாள். அன்றைக்கு அவளும் மத்தியானத்துக்கு முன்பே கல்லூரிக்கு வந்துவிட்டாளாம். ஆபீஸில் ஆள் இல்லாததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைப் பிற்பகல் என்று தப்பாக எழுதிவிட்டார்கள். சார் தாளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் முற்பகல் ஆகிவிடுவார்கள். அப்புறம் வயதுதான் கணக்கு, நாற்காலி அவளுக்கு வரும்.

ரசலையன் அரிவாளைக் கீழே வைத்தார்.

“நீ வந்தப்போ மணி மூணு. ஒனக்க தோள்ல பிள்ளை வாந்தி எடுத்த கறை இருந்திச்சு. நான் மறக்கல்ல.”

நேசபாய்க்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

“பிள்ளைக்கு சுகமில்லாமதானே சார் பிந்தினேன்? கூட வரேன்னு சொன்னவ என்னைய விட்டுட்டு ஓடினா. அவளுக்கு நாற்காலி, எனக்கு ஒண்ணும் இல்லியா?”

“ஓடினாளா? மூணு பஸ்ஸ விட்டுட்டு ஒன்னையத் தேடி நின்னிருக்கா. வந்து கையெழுத்துப் போட்டதும் என்னட்ட கேட்டது ஒன்னையப் பத்தித்தான்.”

நேசபாய் நம்பாமல் பார்த்தாள்.

“ஒனக்கு ஒரு காரியம் தெரியாது. மத்தியானத்துக்குள்ள நீ வரல்லன்னா அடுத்த ஆளைச் சேத்திரணும்னு அன்னைக்கு காலையில தாளாளர் போன்ல சொல்லிட்டாரு. அவருக்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் தேச்ச சட்டையும் போட்டுக்கிட்டு வராந்தாவுலயே இருந்தான்.”

“அப்புறம்?”

“மணி பன்னிரண்டாச்சு. அவனைக் கூப்பிடப் போனேன். பூங்கனி வாசல்ல வந்து நின்னுட்டா. நேசபாய் வராம இருக்க மாட்டா சார், பிள்ளைக்கு ஏதோ சுகமில்லாமதான் இருக்கும், அவளுக்க இடத்துல வேற ஆளைச் சேத்தா எனக்க கையெழுத்தையும் வெட்டிருங்கன்னா. சாப்பிடக்கூடப் போகல்ல. நான் தாளாளர்ட்ட வாங்கின ஏச்சு கொஞ்சமா?”

நேசபாய் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு ஆபீஸுக்குள் ஓடி வந்தபோது, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு பூங்கனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இப்போது ஞாபகம் வந்தது. கையெழுத்து போட்டுவிட்ட ஜம்பத்தில் தன்னை வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை அவ சொல்லல்லியே சார்.”

“அவதான் என்னையும் சொல்லவிடல்ல. தெரிஞ்சா நீ அவ முன்ன தலை குனிஞ்சு நடப்பன்னு சொன்னா.”

“அப்போ அந்தப் பிற்பகல்...”

ரசலையன் அரிவாளைக் கையில் எடுத்தார்.

“அது அவ ஒனக்கு வாங்கித் தந்ததாக்கும், மக்களே.”