அடைக்கோழிக்குத் தெரியாமல்

“அப்பா, மொதல்ல அந்த லைட்டை அணைங்க. வாத்திச்சி முழிச்சுக்கிடும்.”

அக்சா அடிக்குரலில் அதட்டியதும், வேதசிரோமணி செல்போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தார். இப்போது சட்டைப் பை எரிந்தது.

வாத்திச்சி என்பது அவர்கள் வீட்டு அடைக்கோழி. வரிசை தப்பி வரும் எந்த உயிரையும் மண்டையிலேயே கொத்துவதால் வந்த பெயர். இந்த முறை அடை வைத்த முட்டைகளில் பாதிக்கு மேல் கூமுட்டையாகிவிட, பொரித்த நாலைந்து குஞ்சுகளை அணைத்தபடி கொல்லைப்புறப் பஞ்சாரக் கூடைக்குள் முறைப்பாக உட்கார்ந்திருந்தது. அதனிடம் சேர்த்துவிடத்தான் ராஜபாளையத்துப் பண்ணையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குஞ்சுகளைப் பைக்கில் வாங்கி வந்திருந்தான் பெனின். அந்த வீட்டில் எந்த வேலை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவன் அவன்தான்.

“போன தடவை மாதிரி ஆச்சுன்னா, ஞாயித்துக்கிழமை வாத்திச்சி குழம்புல கிடக்கும். சொல்லிட்டேன்,” என்றாள் ஏசம்மாள், அடுக்களை வாசலில் நின்றபடி.

போன தடவை வேதசிரோமணி புதுக்குஞ்சுகளைப் பட்டப்பகலில் வாத்திச்சியின் முன்னால் கொட்டி, “இந்தா, உன் பிள்ளைக” என்று அறிமுகம் வேறு செய்துவைத்தார். அது ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. கொத்துப்பட்டுச் சிதறி ஓடிய குஞ்சுகளைக் காக்கைகள் கவனித்துக்கொண்டன. அதன்பிறகு ஒரு வாரத்துக்கு ஏசம்மாள் அவருக்குச் சோறு மட்டும்தான் போட்டாள்; பேச்சு கிடையாது.

“வெளிச்சத்துல கொண்டு போய்க் காட்டுனதுதான் தப்பு,” என்றாள் அக்சா. “இது வெளிக்குஞ்சுன்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிருச்சு. பொழுது சாயணும். அதுக்குக் கண்ணு சொக்கணும். அப்ப சத்தமில்லாம ஒண்ணொண்ணா றெக்கைக்கு அடியில தள்ளிரணும். விடியிற வரைக்கும் ஒட்டிக் கிடந்துட்டாப் போதும். பொறவு எது பெத்த பிள்ளை, எது வந்த பிள்ளைன்னு அதுக்கே தெரியாது.”

“கலரு வேறயா இருக்கேட்டி?”

“அதெல்லாம் பார்க்காதுப்பா.”

“எண்ணிப் பார்த்துட்டா?”

“நம்ம சொந்தக்காரவுக மொத்தம் எம்புட்டுப் பேருன்னு நீங்க எண்ணியிருக்கீங்களா?”

வேதசிரோமணி யோசித்தார். “அது பெரிய கூட்டம்லா.”

“அதுக்கும் அப்படித்தான். அத்தான், ஆரம்பிங்க.”

பெனின் பஞ்சாரத்தை ஒரு பக்கம் தூக்கி, உள்ளங்கையில் ஒரு குஞ்சை மறைத்து வாத்திச்சியின் இறக்கைக்கு அடியில் நுழைத்தான். அது உறுமியது. அவன் கையை அசைக்காமல் வைத்திருந்தான். உறுமல் அடங்கியதும் அடுத்த குஞ்சு. பக்கத்தில் எட்டிப் பார்த்த வேதசிரோமணியின் கட்டைவிரலில் மட்டும் பலமாக ஒரு கொத்து விழுந்தது.

“இவன் இல்லைன்னா இந்த வீட்டுல ஒரு வேலை ஓடாது,” என்றாள் ஏசம்மாள். “பெரியவன் கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் சாம்பார் வாளியோட அலைஞ்சது இவன்தானே.”

“நம்ம வீட்டு வேலைதானே அத்தை.”

“இந்த மனுசனுக்கு அந்தக் கோழி தேவல. அக்சாவுக்கு வந்த வரன் ஒண்ணையும் கிட்டச் சேர்க்க மாட்டேங்காரு.”

“முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்க?” என்றார் வேதசிரோமணி, கட்டைவிரலைச் சப்பியபடி. “நாலு நல்லது கெட்டதுல கூட நின்னு பார்த்த ஆளா இருக்கணும்.”

பெனின் கையிலிருந்த கடைசிக் குஞ்சு நழுவப் பார்த்தது. “பார்த்து, அத்தான்,” என்றாள் அக்சா.

மறுநாள் காலையில் வேதசிரோமணி கைலியை இறுக்கிக்கொண்டு பஞ்சாரத்தைத் தூக்கினார். வாத்திச்சி வெளியே வந்தது. பின்னாலேயே கறுப்பு, மஞ்சள், செவலை என்று அத்தனை குஞ்சுகளும் வந்தன. மதிலில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்ததும், வாத்திச்சி எல்லாவற்றையும் இறக்கைக்குள் அள்ளிக்கொண்டு அதைப் பார்த்துச் சீறியது.

விடிந்ததும் வந்துவிட்ட பெனினுக்கு ஏசம்மாள் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். வேதசிரோமணிக்கு மனசு நிறைந்து போயிற்று.

“ஏசம்மா, ஒண்ணு சொல்லுதேன். மாப்பிள்ளையை எதுக்கு வெளியே தேடணும்? நம்ம பெனினுக்கு என்ன குறை? முறையும் சரியா இருக்கு. உன் பக்கத்து ஆளுன்னு நான் தள்ளப் போறதில்ல.”

“என் பக்கமா?” ஏசம்மாள் திரும்பினாள். “உங்க கூமாப்பட்டிப் பெரியம்மா பேரன்ல இவன்?”

“எங்க பெரியம்மாவுக்கு ஏதுட்டி பேரன்? எல்லாம் பேத்தி. உன் மகாராஜபுரத்துச் சித்தப்பா பேரன்னுல்லா நான் நெனச்சேன். உன்னைய அத்தைன்னு கூப்பிட்டானே?”

“உங்களைய மாமான்னு கூப்பிட்டானே?”

அத்தை, மாமா இரண்டும் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

வேதசிரோமணி செல்போனை எடுத்து முகப்புப் படத்தைப் பார்த்தார். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த குடும்பப் படம். நடுவில் பெனின். அவன் தோளில் அவருடைய கையே இருந்தது.

“ஏலே, நீ யாரு?”

பெனின் காபி தம்ளரைக் கீழே வைத்தான். “ராஜபாளையம், மாமா. அக்சா கூட காலேஜ்ல படிச்சேன்.”

வேதசிரோமணியின் கழுத்து நரம்புகள் புடைத்தன. அவர் ஓரடி முன்னால் வைப்பதற்குள், கையில் ஒரு மஞ்சள் குஞ்சோடு அக்சா குறுக்கே வந்து நின்றாள்.

“விடிஞ்சு ரொம்ப நேரமாச்சுப்பா. இனிமே கொத்தக் கூடாது.”