ஸ்ரனிஸ்லாசின் பயம்

"எனக்குப் பயமாக் கிடக்கு மலர். முதல்லை நீர் போய்ப் படம் எடும். பிறகு நான் எடுக்கிறன்."

இத்தாலியில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்துப் பல் மருத்துவமனையில், இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கத்தான் ஸ்ரனிஸ்லாஸ் அதைச் சொன்னார்.

தன் பல்லைச் சுத்தம் செய்விக்க வந்து எதிர்க் கதிரையில் இருந்த கிளறாவுக்குச் சிரிப்பாக இருந்தது. கோயில் பெருநாளில் மாதாவின் சுருவம் தூக்கும்போது முன்வரிசையில் தோள் கொடுக்கிற மனிதர். தாடையைப் படம் பிடிக்கிற ஒரு மிசினுக்கு மனுசியை முன்னுக்குத் தள்ளுகிறார்.

"அதிலை என்ன பயம் அண்ணை? நாடியை வைச்சுக்கொண்டு அசையாமல் நிண்டால் சரி. மிசின் தலையை ஒருக்காச் சுத்தி வரும், அவ்வளவுதான். நோகாது."

"உமக்கு நோகாது. எனக்கு?"

ஆம்பிளையாம், என்று நினைத்துக்கொண்டாள் கிளறா.

மரியமலர் கணவனின் கையைத் தட்டிக் கொடுத்தார். "இந்தாள் எதுக்கும் பயந்து நான் காணேல்லைப் பிள்ளை. பாவம். நான் எடுத்துப்போட்டு வந்து சொன்னால் போவார்."

"உங்களுக்கும் ஒரு பக்கம் பல்லு இல்லைத்தானே அக்கா?"

"எனக்கென்ன, ஒரு பக்கத்தாலை சப்பிச் சமாளிக்கிறன். சின்யோராவைக் கட்டிலாலை தூக்கி இருத்தவே பொழுது போயிடும். பல்லுக்கு எங்கை நேரம்?"

சின்யோரா என்று அவர் சொன்னது படுக்கையில் கிடக்கும் ஒரு முதிய இத்தாலிய அம்மாவை. அவரைப் பார்த்துக்கொள்வதுதான் மரியமலரின் வேலை.

பெண் டொக்டர் கதவைத் திறந்து, "சின்யோரா மரியமலர்" என்று கூப்பிட்டார்.

இத்தாலியனில் எலும்பு, நரம்பு என்று கதைத்தால் விளங்காது என்று மரியமலர் கிளறாவையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

டொக்டர் கேள்வி கேட்டார். கிளறா தமிழில் சொன்னாள். எந்தப் பல்லு விழுந்தது? வேறை பல்லு ஆடுதோ? எப்பவாவது எலும்பு முறிஞ்சதோ?

"போன மாரியிலை கை முறிஞ்சது. ஒரு சட்டியைத் தூக்கேக்கை. எலும்பைச் சோதிக்கச் சொன்னவை, நான் போகேல்லை."

கணவனுக்காக வெள்ளோட்டம் பார்க்க வந்தவரிடம் இவ்வளவு கேள்வியா என்று கிளறாவுக்குத் தோன்றியது.

"படம் எடுக்க உங்களுக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறா அக்கா."

"ஓம், ஓம். கெதியா எடுக்கச் சொல்லும். அவர் வெளியிலை பயந்துகொண்டு இருப்பார்."

மிசின் சுற்றி வந்து நின்றது. மரியமலரின் தாடை திரையில் தெரிந்தது. டொக்டர் பேனாவால் கீழ் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். தடித்த வெள்ளைக் கோடாக இருக்க வேண்டிய இடம் நூல் மாதிரி மெலிந்து, இடையிடையே அரித்துக் கிடந்தது.

கிளறா நிதானமாகச் சொன்னாள்: "அக்கா, பல்லுக் கட்டுறதைப் பிறகு பாப்பமாம். தாடை எலும்பு இறுக்கம் குறைஞ்சு கிடக்காம். இந்த மிசின் தாடையை மட்டுந்தான் காட்டுமாம். இதை வைச்சு உடம்பு முழுக்க இப்பிடித்தான் எண்டு சொல்லேலாதாம். ஆசுப்பத்திரியிலை இடுப்பையும் முள்ளந்தண்டையும் சோதிக்க வேணுமாம். அதுவரைக்கும் சின்யோராவைத் தனியத் தூக்கக் கூடாதாம்."

மரியமலரின் முகம் வாடியது. "நான் எங்கையும் விழுந்தால்?"

டொக்டர் அந்தச் சொல்லைக் கிளறாவிடம் கேட்டு விளங்கிக்கொண்டு உறுதியாகச் சொன்னார். "விழ முதல் வந்திருக்கிறா. மருந்து இருக்கு. பயப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

மரியமலர் நிமிர்ந்தார். "அப்ப சரி. சோதிப்பம். இனி அவரைக் கூப்பிடச் சொல்லும் பிள்ளை. நோகேல்லை எண்டும் சொல்லும்."

கிளறா மொழிபெயர்த்தாள். டொக்டர் விளங்காமல் இருவரையும் பார்த்துவிட்டுக் கிளறாவிடம் இத்தாலியனில் வேகமாகச் சொன்னார்.

"அவருக்கு இண்டைக்குப் படம் ஒண்டும் இல்லையே. போன கிழமை அவர் வந்ததே இவவுக்காகத்தான். கை முறிஞ்ச பிறகும் எலும்பைச் சோதிக்கப் போறா இல்லை, இப்ப பல்லும் விழுந்திட்டுது எண்டு கவலைப்பட்டார். அவற்றை பல்லையும் பாத்தனான். ஒரு குறையும் இல்லை."

இதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று கிளறாவுக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

ஸ்ரனிஸ்லாஸ் கதவடியிலேயே நின்றார். "எலும்பு என்ன மாதிரியாம்?"

"கொஞ்சம் மெலிஞ்சு போச்சாம் அண்ணை. ஆனால் மருந்து இருக்காம்."

அவர் பெரிதாக மூச்சு விட்டுக் கதிரையில் இருந்தார்.

"நேரை சொல்லியே அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"தனக்காக எண்டால் அவ ஒரு நாளும் வரமாட்டா பிள்ளை. எனக்காக எண்டால்தான் எங்கையும் முன்னுக்குப் போவா."