ஆடாத ஆட்டத்தின் சிவப்பு அட்டை

மழையால் நின்றுபோகும் ஆட்டங்களைக் கணினியே ஆடி முடித்துவிடும் என்பது கல்லூரிக் கால்பந்துத் தொடரின் புதிய விதி. சனிக்கிழமை ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. எழுபத்தோராவது நிமிடத்தில் எதிரணியில் ஆடும் அனிஷ்மாவின் கணுக்காலை ரெக்ஸலின் உதைத்து உடைத்ததாகவும், சிவப்பு அட்டை பெற்றதால் அவள் இறுதிப் போட்டியில் ஆட முடியாது என்றும் திங்கட்கிழமை கடிதம் வந்தது.

"சார், அன்னைக்கு நாங்க பஸ்ஸ விட்டே இறங்கலியே," என்றாள் ரெக்ஸலின், தன் பயிற்சியாளரிடம்.

"மூணு வருசமா நீ ஆடுன ஆட்டத்த எல்லாம் வச்சுத்தான் கணக்குப் போட்டிருக்காவ. நான் என்னத்தச் சொல்ல?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

ரெக்ஸலின் அன்று மாலையே அனிஷ்மாவைத் தேடிப் போனாள். அவள் கடற்கரை மணலில் தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆறு வாரம் ஆடக்கூடாதாம்." அனிஷ்மா சிரித்தாள். "நீங்க அப்படி உதைப்பீங்களாக்கா?"

"தெரியலியே," என்றாள் ரெக்ஸலின். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வந்ததற்குக் கொஞ்சம் ஆடலாம் என்று இருவரும் தொடங்கினார்கள். அனிஷ்மா பந்தோடு நேராக ஓடிவந்தாள். காலை நீட்டினால் எளிதாகப் பறித்துவிடலாம். பள்ளி நாளிலிருந்தே எவரையும் எளிதில் தாண்டவிடாத ரெக்ஸலின், அன்று ஒதுங்கி வழிவிட்டாள்.

"ஏன்க்கா விட்டுட்டீங்க?"

ரெக்ஸலின் குனிந்து, தன் வலது காலையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.